பெட்டியில் 162 வாட்... மேடையில் எவ்வளவு வெளிச்சம்?

கல்யாணம், கோயில் பண்டிகை, பள்ளி ஆண்டு விழா என எங்கே போனாலும் இப்போது மேடையில் எல்.இ.டி. பார் லைட்டுகள்தான். வட்டமாக, கறுப்பு நிறத்தில், முகம் முழுக்கச் சின்னச் சின்ன லென்ஸ்களுடன் இருக்குமே, அதேதான். இதில் எதை வாங்கலாம் என்று கடையில் கேட்டால் பெட்டியைத் திருப்பி அதில் அச்சிட்டிருக்கும் வாட் எண்ணைக் காட்டுவார்கள். அதிக வாட் என்றால் அதிக வெளிச்சம் என்று நாமும் நம்பிப் பணத்தை எடுத்து விடுகிறோம். அப்படி 40,000 ரூபாயை எடுக்க இருந்த ஓர் ஊரில் நாங்கள் செய்து பார்த்த சோதனையைத்தான் இந்தக் கட்டுரையில் சொல்லப் போகிறேன். தேவைப்பட்டவை ஓர் ஆண்ட்ராய்டு போன், ஒரு ஸ்மார்ட் பிளக், ஒரு எக்ஸெல் ஷீட், கொஞ்சம் குங்குமம். அவ்வளவுதான்!

அந்த ஊர் வேறு எதுவும் இல்லை, என் சொந்த ஊர்தான். தர்மபுரி மாவட்டத்தில் பென்னாகரம் பக்கம் இருக்கிறது. எங்கள் பகுதியில் மகாபாரதக் கூத்து நடத்துவது பெரிய விஷயம். இரவு பத்து மணிக்கு ஆரம்பித்தால் விடியும் வரை நடக்கும். திரௌபதி துகிலுரிதல், அர்ச்சுனன் தபசு என்று நாளுக்கு ஒரு கதையாகப் போய், கடைசியில் படுகளத்தில் முடியும். எங்கள் ஊரில் இந்தமுறை பத்து இரவுக் கூத்து. ஒவ்வொரு முறையும் விளக்கை வாடகைக்குத்தான் எடுப்பார்கள். ஓர் இரவுக்கு 2,500 ரூபாய் என்றால் பத்து இரவுக்கு 25,000. "இந்தப் பணத்துடன் கொஞ்சம் சேர்த்துச் சொந்தமாகவே வாங்கி விடலாமே" என்று ஊரில் பேச்சு வந்தது. தலைக்கட்டு வரியில் 40,000 ரூபாயை விளக்குக்கு என்று ஒதுக்கினார்கள்.

பிரச்சினை அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது. இளைஞர்கள் கடைக்குப் போய் விசாரித்து விட்டு வந்தார்கள். "அண்ணா, 162 வாட் பார் லைட்டு ஒண்ணு 2,400 ரூபா. பதினாறு வாங்கினா 38,400. ஊரே ஜொலிக்கும்" என்றான் என் சித்தப்பா மகன். கூத்து வாத்தியார் இதைக் கேட்டதும் தலையை ஆட்டினார். "தம்பி, போன வருசம் பக்கத்து ஊர்ல அந்த லைட்டுலதான் ஆடினோம். அரிதாரம் பூசின மூஞ்சி எல்லாம் ஊதா நிறமா ஆயிடுச்சி. ரெண்டு அடி தள்ளிப் போனா இருட்டு. எங்க முகம் ஜனங்களுக்குத் தெரியணுமா வேணாமா?" என்றார்.

கம்ப்யூட்டர் பத்திரிகையில் எழுதுகிறவன் என்பதால் பஞ்சாயத்து என்னிடம் வந்தது. இரண்டு பக்கமும் சொல்வதை அளந்து பார்த்து விட்டு முடிவு செய்யலாம் என்றேன்.

தீவட்டியில் இருந்து எல்.இ.டி. வரை

கூத்துக்கு வெளிச்சம் தந்த பொருட்களே ஒரு தனி வரலாறு. ஒரு காலத்தில் தீவட்டி. பிறகு மண்ணெண்ணெயில் எரியும் பெட்ரோமாக்ஸ் வந்தது. 1984-ல் வந்த 'வைதேகி காத்திருந்தாள்' படத்தின் கவுண்டமணி - செந்தில் காமெடியால் இன்றைய பிள்ளைகளுக்கும் அதன் மாண்டில் தெரியும்! கரண்ட் வந்த பிறகு குண்டு பல்பு, டியூப் லைட், அப்புறம் 1,000 வாட் ஹாலஜன்.

நகரத்து மேடைகளில் பார் 64 என்ற விளக்கு பிரபலமாக இருந்தது. பார் என்பது பரவளைய வடிவில் அலுமினியம் பூசிய பிரதிபலிப்பானைக் குறிக்கும் சுருக்கம். 64 என்பது அதன் விட்டம். ஓர் அங்குலத்தை எட்டாகப் பிரித்து, அதில் 64 பங்கு, அதாவது 8 அங்குலம். இன்று நாம் வாங்கும் எல்.இ.டி. பார் லைட்டில் அந்தப் பிரதிபலிப்பான் கிடையாது. பெயர் மட்டும் ஒட்டிக் கொண்டு விட்டது.

சிவப்பு, பச்சை எல்.இ.டி.கள் பல ஆண்டுகளாகவே இருந்தன. பிரகாசமான நீல எல்.இ.டி. கிடைக்காததால் வெள்ளை ஒளி உண்டாக்க முடியவில்லை. 1990-களில் அது கைகூடியது. அதற்காக ஜப்பானைச் சேர்ந்த இசாமு அகாசாகி, ஹிரோஷி அமானோ, அங்கே பிறந்து அமெரிக்காவில் குடியேறிய சுஜி நகாமுரா ஆகிய மூவருக்கும் 2014-ல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. நம் நாட்டில் 2015-ல் உஜாலா திட்டம் தொடங்கிய பிறகு வீட்டு எல்.இ.டி. பல்புகளின் விலை மளமளவென்று இறங்கியது உங்களுக்கு நினைவிருக்கும். மேடை விளக்கும் இன்று கிராமத்துப் பட்ஜெட்டுக்குள் வந்து விட்டது.

வாட், லூமென், லக்ஸ்: எது என்ன?

வாட் என்பது விளக்கு எடுத்துக் கொள்ளும் மின்சாரம். அது வெளிச்சத்தின் அளவு அல்ல. இரண்டு மோட்டார் பைக்குகளில் எது அதிகப் பெட்ரோல் குடிக்கிறது என்று பார்த்து எது வேகமாக ஓடும் என்று சொல்ல முடியுமா? அது போலத்தான்.

லூமென் என்பது விளக்கில் இருந்து எல்லாத் திசைகளிலும் வெளிவரும் மொத்த ஒளி. ஹாலஜன் பல்பு ஒரு வாட்டுக்குச் சுமார் 20 லூமென் தரும். வெள்ளை எல்.இ.டி. 100 லூமெனையும் தாண்டும்.

லக்ஸ் என்பது ஒரு குறிப்பிட்ட இடத்தில் வந்து விழும் ஒளி. ஒரு சதுர மீட்டரில் ஒரு லூமென் பரவினால் ஒரு லக்ஸ். மேடைக்கு நமக்கு வேண்டியது இதுதான். நடிகர் முகத்தில் எவ்வளவு விழுகிறது என்பதுதானே கேள்வி? ஒரு கணக்குக்காக: உச்சி வெயில் சுமார் 1 லட்சம் லக்ஸ், நல்ல வெளிச்சமுள்ள அலுவலக மேஜை 300 முதல் 500 லக்ஸ், முழு நிலா வெளிச்சம் அரை லக்ஸ் கூட வராது.

பெட்டியில் சில சமயம் லக்ஸ் எண்ணும் இருக்கும். அதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. "13,000 லக்ஸ்" என்று பெரிதாகப் போட்டு, அருகில் சின்ன எழுத்தில் "1 மீட்டரில்" என்று போட்டிருப்பார்கள். தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் நான்கில் ஒரு பங்காகக் குறையும். 5 மீட்டரில் 25-ல் ஒரு பங்கு. ஆகவே அந்த 13,000 லக்ஸ் உங்கள் மேடையில் 520 லக்ஸ்தான்.

சோதனைக்கு வந்த ஐந்து விளக்குகள்

கடைக்காரர்களிடம் பேசி மாதிரிக்கு ஒவ்வொன்று வாங்கி வந்தோம். பிராண்ட் பெயர் இங்கே முக்கியம் இல்லை. ஒரே வகை விளக்கு பல பெயர்களில் விற்கிறது. விலை எங்களுக்குச் சொன்னது. ஊருக்கு ஊர் மாறும்.

முதலாவது, இளைஞர்கள் பார்த்து வந்த பார் லைட். சிவப்பு, பச்சை, நீலம், வெள்ளை எனத் தனித்தனியாக 54 எல்.இ.டி.கள். ஒவ்வொன்றும் 3 வாட் என்று கணக்குப் போட்டு 162 வாட் என்று எழுதியிருந்தது. விலை 2,400 ரூபாய்.

இரண்டாவது, ஒரே லென்ஸுக்குள் நான்கு நிறமும் உள்ள பார் லைட். 18 எல்.இ.டி., ஒவ்வொன்றும் 12 வாட், மொத்தம் 216 வாட் என்றது பெட்டி. 4,200 ரூபாய்.

மூன்றாவது, காப் லைட். நடுவில் மஞ்சளாக ஒரே பெரிய எல்.இ.டி. இருக்கும். நிறம் மாறாது, இளஞ்சூடான வெள்ளை மட்டும். 200 வாட், 6,500 ரூபாய்.

நான்காவது, வீட்டு வாசலிலும் களத்துமேட்டிலும் மாட்டுகிற சாதாரண எல்.இ.டி. ஃப்ளட் லைட். 100 வாட், 1,500 ரூபாய்.

ஐந்தாவது, ஒப்பிட்டுப் பார்க்க வாடகைக்கு வரும் பழைய 1,000 வாட் ஹாலஜன்.

எப்படி அளந்தோம்?

நீங்களும் இதைச் செய்யலாம். படிப்படியாகச் சொல்கிறேன்.

1. நிலா இல்லாத இரவில், தெரு விளக்கை அணைத்துவிட்டு அளக்க வேண்டும்.

2. விளக்கை பத்தடிக் கம்பத்தில் கட்டி, ஆடுகளத்தின் நடுவில் இருந்து 5 மீட்டர் தள்ளி நிறுத்தினோம். எல்லா விளக்குக்கும் இதே இடம்.

3. அளப்பதற்கு முன் 20 நிமிடம் எரிய விட வேண்டும். சூடு ஏறினால் எல்.இ.டி.யின் வெளிச்சம் குறையும். முதல் பார் லைட் போட்டவுடன் 560 லக்ஸ் காட்டியது. 20 நிமிடத்தில் 520 ஆனது.

4. ஆண்ட்ராய்டு போன்களில் திரையின் பிரகாசத்தைத் தானாக மாற்றுவதற்கு என்று ஒரு லைட் சென்சார் இருக்கும். பெரும்பாலும் முன் கேமரா பக்கத்தில். பிளே ஸ்டோரில் 'லக்ஸ் மீட்டர்' என்று தேடினால் இலவச அப்ளிகேஷன்கள் கிடைக்கும். முகம் இருக்கும் உயரத்தில், திரை விளக்கைப் பார்க்கும்படி போனைப் பிடிக்க வேண்டும்.

5. களத்தில் ஐந்தடி இடைவெளியில் மூன்று வரிசை, வரிசைக்கு மூன்று என்று ஒன்பது இடங்களில் சுண்ணாம்பால் புள்ளி வைத்தோம். ஒவ்வொரு புள்ளியிலும் ஓர் அளவு.

6. மின்சாரத்தை அளக்க, வாட் காட்டும் ஸ்மார்ட் பிளக். ஹாலஜனுக்கு மட்டும் 1,000 வாட்டைத் தாங்கும் பிளக்தானா என்று பார்த்துக் கொள்ள வேண்டும். தாங்காத பிளக்கில் மாட்டினால் சூடாகி உருகலாம், ஜாக்கிரதை!

போன் சென்சார் துல்லியமானதா என்று கேட்பீர்கள். இல்லை. பக்கத்து ஸ்டுடியோ நண்பரின் லக்ஸ் மீட்டரை வைத்துப் பார்த்தபோது என் போன் 15 சதவீதம் குறைவாகக் காட்டியது. ஆனால் வெள்ளை ஒளியில் எல்லா விளக்குக்கும் ஏறக்குறைய அதே அளவுதான் குறைத்துக் காட்டியது. ஒப்பிடுவதற்கு அது போதும். கீழே உள்ளவை மீட்டர் எண்கள். தனி நீலம், தனிச் சிவப்பு ஒளியில் மட்டும் போனை நம்பாதீர்கள். மீட்டரும் அங்கே குறைவாகத்தான் காட்டும். ஏனெனில் நம் கண்ணுக்குப் பச்சையில்தான் கூர்மை அதிகம். லக்ஸ் என்ற அளவே கண்ணின் அந்தக் குணத்தை வைத்துப் போட்டது.

எக்ஸெலில் வந்த விடை

ஒன்பது எண்களையும் எக்ஸெலில் ஒரு காலத்தில் வரிசையாக அடித்து, கீழே ஆவரேஜ் ஃபார்முலா ஒன்று, மிகக் குறைந்த எண்ணை எடுக்க மின் ஃபார்முலா ஒன்று போட்டேன். சராசரியை விலையால் வகுத்து நூறால் பெருக்கினால் 100 ரூபாய்க்கு எத்தனை லக்ஸ் என்று வரும். இதோ முடிவு.

முதல் பார் லைட்: பெட்டியில் 162 வாட், உண்மையில் எடுத்தது 96 வாட். எல்லா நிறமும் சேர்ந்து எரியும்போது சராசரி 270 லக்ஸ், குறைந்தபட்சம் 85. நூறு ரூபாய்க்கு 11.3 லக்ஸ்.

இரண்டாவது பார் லைட்: பெட்டியில் 216, எடுத்தது 122 வாட். சராசரி 250, குறைந்தபட்சம் 80. நூறு ரூபாய்க்கு 6 லக்ஸ்.

காப் லைட்: பெட்டியில் 200, எடுத்தது 188 வாட். சராசரி 335, குறைந்தபட்சம் 185. நூறு ரூபாய்க்கு 5.2 லக்ஸ்.

ஃப்ளட் லைட்: பெட்டியில் 100, எடுத்தது 97 வாட். சராசரி 120, குறைந்தபட்சம் 62. நூறு ரூபாய்க்கு 8 லக்ஸ்.

ஹாலஜன்: எடுத்தது 990 வாட். சராசரி 215 லக்ஸ். ஒரு வாட்டுக்கு 0.22 லக்ஸ் மட்டுமே. முதல் பார் லைட்டில் இது 2.8!

162 வாட் எப்படி 96 ஆனது? மூன்று வாட் தாங்கக்கூடிய எல்.இ.டி. என்பதால் அப்படிப் பெருக்கிப் போடுகிறார்கள். சூடாகி எரிந்து விடாமல் இருக்க, உள்ளே குறைந்த மின்சாரத்தில்தான் ஓட்டுகிறார்கள். ஓட்டுவதில் தவறில்லை. ஆனால் வாங்குகிறவர் அந்த எண்ணை வைத்துக் கணக்குப் போடக் கூடாது.

"பாத்தீங்களாண்ணா, பணத்துக்கு எங்க பார் லைட்டுதான் முதலிடம்" என்றான் தம்பி. எண்ணைப் பார்த்தால் அவன் சொன்னது சரிதான். ஆனால் சராசரி என்பது பாதிக் கதைதான்.

இரண்டு அடி தள்ளினால் இருட்டு

பார் லைட்டின் ஒன்பது எண்களையும் தனித்தனியே பாருங்கள். விளக்குக்கு அருகே நடுப்புள்ளியில் 900 லக்ஸ். அதே வரிசையில் ஐந்தடி தள்ளிய ஓரப் புள்ளியில் 85. பத்து மடங்குக்கு மேல் வித்தியாசம்! காரணம், அதன் ஒளி 25 டிகிரிக்குள் அடங்கிக் குறுகலாகப் பாய்கிறது. காப் லைட்டில் 60 டிகிரி. அதில் அதிகபட்சம் 715, குறைந்தபட்சம் 185. நான்கு மடங்கு கூட இல்லை.

சினிமாப் பாட்டுக்கு ஆடும் மேடையில் இந்த வித்தியாசம் பரவாயில்லை. கூத்தில் நடிகர் ஓர் இடத்தில் நிற்க மாட்டார். கிறுக்கி அடித்துச் சுழன்று களம் முழுக்க வருவார். ஜனங்களும் மூன்று பக்கம் உட்கார்ந்து இருப்பார்கள். வாத்தியார் சொன்ன "ரெண்டு அடி தள்ளிப் போனா இருட்டு" என்பது எக்ஸெலில் அப்படியே வந்து நின்றது.

சரி, ஃப்ளட் லைட்டில் ஒளி நன்றாகப் பரவுகிறதே, விலையும் குறைவு, அதையே வாங்கினால் என்ன? எனக்கும் அந்த ஆசை வந்தது. அதற்குத்தான் அடுத்த சோதனை.

குங்குமம், மஞ்சள், வெற்றிலை

நிறத்தை விளக்கு எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதற்கு சி.ஆர்.ஐ. என்று ஓர் எண் உண்டு. 100-க்கு எத்தனை என்று மார்க் போடுவது மாதிரி. ஹாலஜன் ஏறக்குறைய 100. சாதாரண எல்.இ.டி. 70 முதல் 80. நல்லது 90-க்கு மேல். முகத்துக்கு வெளிச்சம் போடும் விளக்கு என்றால் 90 கேளுங்கள்.

பெட்டியில் அந்த எண் இல்லை என்றால்? எங்கள் வீட்டுப் பூஜைத் தட்டை எடுத்து வந்தேன். வெள்ளைத் துணியில் குங்குமம், மஞ்சள் தூள், ஒரு வெற்றிலை. பக்கத்தில் வாத்தியாரின் கை. பகல் வெளிச்சத்தில் முதலில் பார்த்துக் கொண்டு, இரவில் ஒவ்வொரு விளக்கின் கீழும் பார்த்தோம்.

ஃப்ளட் லைட்டில் குங்குமம் மங்கி, செங்கல் பொடி போல ஆனது. அதன் நீலம் கலந்த வெள்ளையில் ஆழ்ந்த சிவப்பு குறைவு. முதல் பார் லைட்டில் நேர் எதிர். குங்குமம் கண்ணைக் குத்தும் சிவப்பு, ஆனால் மஞ்சள் உயிர் இல்லாமல் கிடந்தது. சிவப்பையும் பச்சையையும் நீலத்தையும் சேர்த்து வெள்ளை செய்யும்போது இடையில் உள்ள மஞ்சள் ஒளி மிகக் குறைவாகவே வருகிறது. அதில் இருக்கும் சில வெள்ளை எல்.இ.டி.கள் அதை ஈடுகட்டப் போதவில்லை. மனிதத் தோலின் நிறமும் அதனால்தான் ஊதா அடித்துப் போகிறது. கையை அசைத்தால் துணியில் விழும் நிழலுக்குச் சிவப்பு ஓரம், நீல ஓரம். இரண்டாவது பார் லைட்டில் நான்கு நிறமும் ஒரே லென்ஸில் இருப்பதால் இந்த வண்ண நிழல் இல்லை. ஆனால் தோல் நிறம் அதிலும் சரியாக இல்லை.

காப் லைட்டில் குங்குமம் குங்குமமாக, மஞ்சள் மஞ்சளாக, வெற்றிலை வெற்றிலையாக இருந்தது. அதன் பெட்டியில் சி.ஆர்.ஐ. 90-க்கு மேல் என்று போட்டிருந்தது உண்மைதான் போலும்!

வாத்தியார் வீட்டுக்குப் போய் துரியோதனன் கிரீடத்தையும் புஜக்கட்டையையும் எடுத்து வரச் சொன்னார். சிவப்பு அரிதாரத்தைக் கன்னத்தில் பூசிக் கொண்டு ஒவ்வொரு விளக்கின் முன்னும் நின்றார். நாங்கள் நாற்பது அடி தள்ளி, கடைசி வரிசை ஜனங்கள் உட்காரும் இடத்தில் உட்கார்ந்தோம். பார் லைட்டில் முகம் ஒரே சிவப்புப் பந்தாகத் தெரிந்தது. மீசையும் புருவமும் பிரிந்து தெரியவில்லை. காப் லைட்டில் கண் உருட்டுவது வரை தெரிந்தது. கிரீடத்தின் கண்ணாடிச் சில்லுகளும் மின்னின. தம்பி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "சரிண்ணா, முகத்துக்கு இதுதான்" என்றான்.

தபசு மரத்தில் ஜெயித்த பார் லைட்

அதற்காகப் பார் லைட்டை ஒதுக்கி விட வேண்டியது இல்லை. அர்ச்சுனன் தபசு அன்று நடிகர் உயரமான தபசு மரத்தில் பாடிக் கொண்டே ஏறுவார். உச்சி, விளக்கில் இருந்து 15 மீட்டர் தூரம் என்று வையுங்கள். 5 மீட்டரைப் போல மூன்று மடங்கு. ஆகவே வெளிச்சம் ஒன்பதில் ஒரு பங்கு. நடுவில் 520 லக்ஸ் தரும் பார் லைட் அங்கே 58 லக்ஸ் தரும். நடுவில் 360 தரும் காப் லைட் 40. நடுவில் 115 தரும் ஃப்ளட் லைட் வெறும் 13. விலை குறைந்த பார் லைட் இங்கே முதலிடம்! களத்தில் குறையாக இருந்த குறுகலான ஒளி, தூரத்துக்குப் போகும்போது பலமாகி விடுகிறது. ஒளி கூடும் என்பதையும் மறக்க வேண்டாம். இரண்டு பார் லைட்டை ஒரே இடத்துக்குத் திருப்பினால் 116 லக்ஸ்.

கடைசியில் வாங்கியது

காப் லைட் 4: 26,000 ரூபாய். முதல் வகை பார் லைட் 4: 9,600 ரூபாய். கம்பம், கிளாம்ப், ஒயர், கேபிள் 4,000 ரூபாய். மொத்தம் 39,600. பதினாறுக்குப் பதில் எட்டு விளக்குகள்.

காப் லைட்டுகளை முன்பக்கம் இடமும் வலமும் 45 டிகிரி சாய்வில் இரண்டு, பக்கவாட்டில் இரண்டு என்று கட்டினோம். இரு பக்கமும் 45 டிகிரியில் வெளிச்சம் போடும் இந்த முறையை அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தில் மேடை விளக்கு கற்றுத் தந்த ஸ்டான்லி மெக்கேண்ட்லெஸ் 1932-ல் வெளியிட்ட தன் புத்தகத்தில் விளக்கினார். மூக்கு நிழல் கன்னத்தில் அசிங்கமாக விழாது, நடிகர் கண்ணும் கூசாது. நான்கையும் முழுதாகப் போட்டால் சராசரி 1,000 லக்ஸைத் தாண்டியது. அவ்வளவு தேவை இல்லை என்று 60 சதவீதத்தில் வைத்தோம். பார் லைட்டில் இரண்டு தபசு மரத்துக்கு. இரண்டு, திரைக்குப் பின்னால் இருந்து வேஷம் வெளிப்படும்போது நிறம் காட்ட.

மின்சாரத்திலும் லாபம். முன்பு நான்கு ஹாலஜனுக்கு 4,000 வாட், சுமார் 17 ஆம்பியர். எட்டு மணி நேர இரவுக்கு 32 யூனிட். இப்போது எட்டு விளக்கும் முழுதாக எரிந்தாலே 1,136 வாட், 5 ஆம்பியர், 9 யூனிட்தான். கரண்ட் போனால் சின்ன ஜெனரேட்டரே போதும்.

கம்ப்யூட்டரில் இருந்து இயக்கலாமா?

தாராளமாக! மேடை விளக்குகள் பேசும் பொது மொழி டி.எம்.எக்ஸ். 512. அமெரிக்க நாடகத் தொழில்நுட்ப அமைப்பான யு.எஸ்.ஐ.டி.டி. இதை 1986-ல் உருவாக்கியது. ஒரு கேபிளில் 512 சேனல்கள். ஒரு விளக்கு எட்டு சேனல் எடுத்தாலும் எட்டு விளக்குக்கு 64-தான். லேப்டாப்பில் ஒரு யு.எஸ்.பி. - டி.எம்.எக்ஸ். கன்வெர்ட்டர் மாட்டி, 'க்யூ.எல்.சி. பிளஸ்' என்ற இலவச சாஃப்ட்வேரைப் போட்டால் மவுஸாலேயே வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கலாம். விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் ஓடும். வரிசையில் கடைசி விளக்கின் அவுட் சாக்கெட்டில் 120 ஓம் டெர்மினேட்டர் போட மறக்காதீர்கள். போடாவிட்டால் விளக்குகள் காரணமே இல்லாமல் துள்ளலாம்.

வாங்கும் முன் கவனிக்க

* போன் கேமராவை ஸ்லோ மோஷனில் வைத்து விளக்கைப் படம் பிடியுங்கள். கறுப்புப் பட்டைகள் ஓடினால் உங்கள் விழா வீடியோவிலும் அவை வரும். பாதி வெளிச்சத்தில் வைத்தும் பாருங்கள். பல விளக்குகள் அப்போதுதான் மாட்டிக் கொள்ளும்.

* விசிறி உள்ள விளக்கை அமைதியான அறையில் போட்டுச் சத்தத்தைக் கேளுங்கள். மைக் அருகே அது பெரிதாகக் கேட்கும்.

* சித்திரையில் திடீரென்று கோடை மழை வரும். வெளி மேடைக்கு ஐபி 65 என்று குறித்த விளக்கே பாதுகாப்பு. ஐபி 20 என்றால் அதற்கு மழைப் பாதுகாப்பு இல்லை. எங்கள் காப் லைட்டுகள் ஐபி 20-தான். அதனால் மேலே தகரக் கூரை போட்டோம்.

* இரும்புக் கம்பத்துக்கு எர்த் கொடுங்கள். மெயினில் ஓர் ஆர்.சி.சி.பி. பொருத்துங்கள். இதில் மட்டும் பணம் பார்க்க வேண்டாம்.

* ரசீதில் வாரண்டி எழுதி வாங்குங்கள். வீட்டுக்கு வந்ததும் ஸ்மார்ட் பிளக்கில் மாட்டி வாட்டைக் குறித்து வையுங்கள். அடுத்த வருடம் குறைந்திருந்தால் உள்ளே சில எல்.இ.டி.கள் போயிருக்கலாம்.

பத்து இரவும் விளக்கு சிக்கல் இல்லாமல் எரிந்தது. துகிலுரிதல் அன்று நான் கடைசி வரிசையில் உட்கார்ந்து இருந்தேன். பக்கத்தில் இருந்த பாட்டி, "இந்த வருசம் பாஞ்சாலி அழுவுறது இங்க வரைக்கும் தெரியுது" என்றார். விடிந்ததும் அதை வாத்தியாரிடம் சொன்னேன். அரிதாரத்தைத் துடைத்துக் கொண்டே, "அந்தப் பாட்டியும் வரி குடுத்திருக்கு தம்பி" என்றார்.

விளக்குகள் இப்போது கோயில் அறையில் இருக்கின்றன. மாரியம்மன் பண்டிகைக்கும் பொங்கல் விளையாட்டுக்கும் அவையே போதும் என்பதால் இனி வாடகை இல்லை. எக்ஸெல் ஷீட்டைத் தம்பி தன் லேப்டாப்பில் வைத்திருக்கிறான். பக்கத்து ஊர்க்காரர்கள் விளக்கு வாங்க யோசனை கேட்டு வந்தபோது அவன் முதலில் கேட்டது, "மேடை எத்தனை அடி, கம்பம் எவ்வளவு தூரம்?" என்பதுதான். உங்கள் ஊரிலும் விழா வருகிறதா? கடைக்குப் போகும் முன் அந்த இரண்டையும் டேப்பில் அளந்து எழுதிக் கொள்ளுங்கள். போனில் லக்ஸ் மீட்டரை இறக்கிக் கொள்ளுங்கள். குங்குமப் பொட்டலத்தையும் சட்டைப் பையில் போட்டுக் கொள்ளுங்கள்!